புகைக்குழாயில் வைத்த படலம்

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஒரு பெருமூச்சுதான் வரும். எஃகு வலைமேல் கோபால்ட் ஆக்சைடை மெல்லிய படலமாகப் பூசி, அது விஷ வாயுவை எரித்துத் தீர்க்கிறதா என்று பார்க்கிறேன் என்பேன். கேட்டவர் "ஓ" என்பார். அந்த "ஓ"வுக்குப் பிறகு யாரும் இன்னொரு கேள்வி கேட்டதில்லை. கப்பல் டிக்கெட் கிடைக்குமா, இன்றைக்குத் தண்ணீர் வருமா என்கிற கேள்விகளுக்குப் போர்ட் பிளேயரில் இருக்கும் மரியாதை இதற்குக் கிடையாது. எனக்கே பல நாள் இருந்ததில்லை.

பட்டத்துக்காக நான் இதில் இறங்கவில்லை. அண்ணனுக்காக இறங்கினேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள். சுனாமி வருவதற்கு முன்பே இருவரும் காலமாகிவிட்டார்கள். அலை வந்தபோது நான் போர்ட் பிளேயரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, பத்துபஸ்தியில் வாடகைக்கு இருந்தேன். அண்ணனும் அண்ணியும் மேட்டுக்கு ஓடித் தப்பித்தார்கள். வீடு போய்விட்டது. கொஞ்ச காலம் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பிறகு அண்ணியின் சொந்தக்காரர்களை நம்பி நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்துக்கு வந்து, பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார்கள். முன்பக்கம் ஒரு ஷட்டர், உள்ளே மூன்று சுவர். ஜன்னல் கிடையாது.

ஜெராக்ஸ் கடைக்குக் கரண்ட் வேண்டும். ரங்கத்தில் கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். அதனால் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். வெளியே வைத்தால் மழையில் நனைந்தது. தார்ப்பாய் போட்டு வைத்தால் பக்கத்து மிட்டாய்க் கடைக்காரர் புகை என்று சண்டைக்கு வந்தார். ஒரு நாள் காணாமலும் போனது. இரண்டாவது ஜெனரேட்டரை அண்ணன் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஒரு மழை நாள் சாயங்காலம், சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டு அண்ணன் தனியாக ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணி சாப்பாடு கொண்டு போனபோது உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, ஆள் சத்தம் இல்லை. பஜாரே கூடி ஷட்டரைத் தூக்கியது. அண்ணன் காகிதக் கட்டின் மேல் சாய்ந்து கிடந்தார். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பிழைத்துவிட்டார். ஆனால் வலது கை நடுங்கத் தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல் கிடைக்காமல் நிற்பார். கடைசியில், "அதான் புள்ள, அது..." என்று என்னைப் பார்ப்பார். ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இந்தப் புகை உள்ளே போனால் ஆள் தேறுவது கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் ஆபத்துதான்" என்றார். அந்த வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ வருடம் சுமந்தேன்.

ஜெனரேட்டரை வெளியே வையுங்கள் என்று நான் கத்தாத கத்தல் இல்லை. "வெளிய வச்சா தூக்கிட்டுப் போயிருவானுங்க. உள்ள வச்சா நான் போயிருவேன். எதுன்னு சொல்லு" என்பார் அண்ணன். இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அபாயம் வந்தால் கத்துகிற ஒரு அலாரம் வாங்கிக் கொடுத்தேன். உப்புக்காற்றில் அது சீக்கிரமே கெட்டு, காரணமில்லாமல் நாளெல்லாம் கத்தியது. அண்ணன் பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போட்டுக்கொண்டார். ஒன்று மட்டும் செய்தார். அந்த விபத்துக்குப் பிறகு எவ்வளவு மழை அடித்தாலும் ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கியதில்லை. நனைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் இந்தப் படலம். கார்பன் மோனாக்சைடுக்கு இன்னும் ஒரு ஆக்சிஜன் அணு கிடைத்தால் போதும், நாம் மூச்சில் விடுகிற கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் இரண்டும் தானாகச் சேராது. கோபால்ட் ஆக்சைடு நடுவில் நிற்கும். தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக் கொடுக்கும், பிறகு காற்றிலிருந்து வாங்கித் தன் இடத்தை நிரப்பிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்குக் காப்பித்தூள் கைமாற்றுக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய் வாங்கி வைப்பதைப் போல. இதைச் செய்ய அதற்குச் சூடு வேண்டும். ஜெனரேட்டரின் புகைக்குழாயில் சூட்டுக்கு என்ன பஞ்சம்?

மெயின்லேண்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் நல்லவர். தூரத்தில் இருந்ததால் இன்னும் நல்லவராக இருந்தார். வேலை எல்லாம் எங்கள் கல்லூரியின் பின்பக்க அறையில். வலையைக் கோபால்ட் கரைசலில் முக்கி, மெதுவாகத் தூக்கி, உலர்த்தி, உலையில் சுட வேண்டும். மெதுவாக என்றால், பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும் அளவுக்கு மெதுவாக. பாதிச் சூட்டில் கரண்ட் போகும். உலை ஆறும். படலம் வெடித்து உதிரும். திரும்ப முதலிலிருந்து. சோதனை வாயு சிலிண்டர் கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. வந்தாலும் ஹேடோ துறைமுகத்தில் இறங்கிய சிலிண்டரை என் கண்ணில் காட்ட அங்கே யாருக்கும் அவசரம் இல்லை. எத்தனை முறை ஹேடோவுக்கு ஆட்டோவில் போய், "கல் ஆனா", நாளைக்கு வா, என்ற இந்திப் பதிலோடு திரும்பியிருப்பேன். அந்த நாளைக்கு என்கிற நாள் வந்ததே இல்லை என்று தோன்றும். இதெல்லாம் வீரமாகச் செய்யவில்லை. அலுத்துக்கொண்டே செய்தேன். விடவும் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வழியாகப் படலம் நின்றது. கறுப்பாக, சாய்த்துப் பார்த்தால் லேசாக நீலம் அடிக்கும். ரங்கத்து வெல்டிங் கடையில் ஒரு உறை செய்து, வலையைச் சுருட்டி உள்ளே வைத்து, வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே இழுபடும்படி துளை போட்டு, ஜெனரேட்டர் சைலன்சரின் வாயில் மாட்டினேன். பேராசிரியர் இரவல் கொடுத்த, விஷ வாயுவை அளக்கும் மீட்டரைப் பிடித்துப் பார்த்தால் எண் சரசரவென்று இறங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன், "அம்புட்டுத்தானா? இந்தக் கொசுவலைக்கா இத்தன வருசம்?" என்றார்.

ஆய்வகத்தில் இருந்தது அந்த ஒரு மீட்டர்தான். அதை என்னோடு போர்ட் பிளேயருக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அடுத்த விடுமுறையில் போய்ப் பார்த்தபோது படலம் செத்திருந்தது. மீட்டரில் எண் இறங்கவே இல்லை. பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை, அதே கறுப்பு. புதிதாக ஒன்று மாட்டிவிட்டு வந்தேன். அதுவும் செத்தது. அதற்கடுத்ததும். அதே கரைசலில், அதே உலையில் செய்த படலங்கள் என் ஆய்வகத்தில் சமர்த்தாக வேலை செய்துகொண்டிருந்தன. ரங்கத்துக்குப் போனால் மட்டும் செத்தன.

உப்புதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆய்வகத்தில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், சாகவில்லை. ஈரமாக இருக்கும் என்று ஈரக்காற்று செலுத்தினேன். கொஞ்சம் சோர்ந்தது, சூடு ஏறியதும் எழுந்துகொண்டது. பெட்ரோலில் கலப்படமோ என்று ரங்கத்துப் பெட்ரோலைப் புட்டியில் கொண்டுவந்தேன். அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் விடிவதற்கு முன் எழுந்து, பஸ் பிடித்து, போலீஸ் காவலோடு வண்டிகள் கூட்டமாகக் காட்டுக்குள் போகும் கான்வாய்க்காக வரிசையில் காத்து, பஸ்ஸோடு இரண்டு இடத்தில் படகில் ஏறி இறங்கி, இடுப்பு ஒடிந்து போய்ச் சேர்ந்தால் ஒரு செத்த வலை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தூங்கி என் தோளில் விழுவார். எனக்கும் யார் தோளிலாவது விழலாம் போல இருக்கும். பதிவுக் காலம் வேறு முடிந்துகொண்டிருந்தது. பேராசிரியர் போனில், "ஆய்வகத்து முடிவுகளை மட்டும் எழுதிக் கொடுத்துடும்மா, பட்டம் கிடைச்சிடும்" என்றார். கிடைத்துவிடும்தான். அண்ணன் மூச்சுக்கு அது எதற்கு?

ஒரு முறை புயல் எச்சரிக்கை என்று கல்லூரியை மூடினார்கள். புயல் வரவில்லை. கிடைத்த லீவில், சொல்லாமல் கொள்ளாமல் ரங்கத்துக்குப் போய் இறங்கினேன். கடைக்குள் அண்ணன் ஜெனரேட்டர் முன் குந்தி உட்கார்ந்து, நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, உறை மாட்டிய இடத்தைச் சுற்றிச் சிலிக்கோன் பசை பூசிக்கொண்டிருந்தார்.

தீவில் இருப்பவர்களுக்கு இது புரியும். எங்கள் ஊரில் விலையுள்ள எந்தப் பொருள் வந்தாலும் முதலில் சிலிக்கோன் பூசுவார்கள். டிவியின் பின்பக்கம், சுவிட்ச் போர்டின் ஓரம், ஸ்கூட்டர் விளக்கின் விளிம்பு. தகரக் கொட்டகையில் இருந்த காலத்தில் ஆணி ஓட்டைகளில் ஒழுகியதை அடைத்து அடைத்துப் படிந்த பழக்கம். கடல் காற்று உள்ளே போனால் எதுவும் மிஞ்சாது என்று கண்ணால் பார்த்தவர்கள். என் வீட்டு ஜன்னலுக்கும் நான்தான் பூசினேன். ஆனால் அந்தப் பசை சூட்டில் ஆவி விடும். அந்த ஆவி படலத்தின் மேல் எரிந்து, மெல்லிய கண்ணாடித் தோல் மாதிரிப் படிந்துவிடும். படலம் உள்ளே முழுசாக இருக்கும், வாயுவால் அதைத் தொட முடியாது.

"என்னாண்ணே பண்றீங்க?"

"வந்துட்டியா? சொல்லவே இல்லியே." ஏதோ திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். "சும்மா, காத்து உள்ள போவாம அடைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கெட்டுப்போவுது, நீ அழுவுற. அதான் நானும் நல்லா கனமா போடுறேன்."

"எப்பவுமே இத பூசுவீங்களா?"

"பின்ன? நீ வர்றதுக்கு முந்தின நாளு சொரண்டி எடுத்துருவேன். நீ கழட்டணும்ல, கை வலிக்குமேன்னு."

என் படலங்களை எல்லாம் கொன்றது அண்ணனுடைய அக்கறை. கெடக் கெட இன்னும் கனமாகப் பூசியிருக்கிறார். கோபப்படலாம் என்று பார்த்தேன், அதற்கும் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அண்ணி தேநீர் கொண்டுவந்தவர் நான் சிரிப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார். விவரம் சொன்னேன். அண்ணன் நம்பாமல், "பாதுகாப்புக்குப் பூசினா கெட்டுப்போவுமா? என்னா புள்ள சொல்ற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் என் தலைமேல் கைவைத்து, இனிமேல் பூசுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். அடுத்த படலம் சாகவில்லை. போகும்போதெல்லாம் அளந்தேன், ஒவ்வொரு முறையும் எண் இறங்கியது. அந்த அளவுகளைக் குறித்து வரைந்த கோடு, பேராசிரியருக்கே ஆச்சரியமாக, என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் ஆனது. சிலிக்கோன் எப்படிப் படலத்தைக் கொல்கிறது என்பதும் அதில் இருந்தது. வாய்மொழித் தேர்வுக்குக் கப்பலில் மெயின்லேண்ட் போனேன். குளிர்சாதன அறையில் தேர்வாளர் ஒருவர், "களத்தில் சோதித்திருக்கிறீர்கள், அபூர்வம்" என்றார். களம் என்றால் மூன்று சுவர் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடை என்று நான் சொல்லவில்லை. டாக்டர் என்று கூப்பிட்டார்கள். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கப்பலில் திரும்பும் வழியெல்லாம் தூங்கினேன்.

அந்த மழைக்காலத்திலேயே ரங்கத்துக்குப் போனேன், மிட்டாய் வாங்கிக்கொண்டு. பஜாரில் இறங்கும்போது நல்ல மழை, கரண்ட் இல்லை. அண்ணன் கடை ஷட்டர் அடி வரைக்கும் இறக்கியிருந்தது. கடை இல்லை போலிருக்கிறது என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் உள்ளே ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

எப்படித் தட்டினேன் என்று எனக்குத் தெரியாது. பை எங்கே விழுந்தது என்றும் தெரியாது. ஷட்டரை நானே தூக்கிவிட்டேன். உள்ளே பளிச்சென்று விளக்கு. அண்ணன் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வாம்மா டாக்டரு!" என்றார் அண்ணன்.

நான் கீழே கிடந்த பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பிடித்தேன். எண் பயப்படும்படி இல்லை. என் படலம், மூடிய கடைக்குள், அந்த மழையில், செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான்.

"ஏன் ஷட்டரைச் சாத்தினீங்க?" என்றேன்.

"சாரல் அடிக்குதுல்ல. பேப்பரெல்லாம் நனையுது" என்றார் அண்ணி. "நீ அந்த வலைய மாட்டின அன்னையிலேர்ந்து மழன்னா சாத்திக்கிட்டுத்தானே இருக்கோம். ஒங்கண்ணன்தான் சொன்னாரு, தங்கச்சி வச்சது இருக்கு, பயமில்லன்னு."

"மாட்டின அன்னையிலேர்ந்தா?"

"ஆமா, மொத வலையிலேர்ந்து."

மாட்டிய வலை எல்லாம் செத்துக் கிடந்த மாதங்கள் என் கண்முன் வந்தன. ஒன்று மாற்றி ஒன்று செத்தபோது நான் உப்பையும் ஈரத்தையும் பெட்ரோலையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த மழையெல்லாம் இவர்கள் இதற்குள் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஷட்டர் இடுக்கில் வந்த காற்றுதான் காப்பாற்றியிருக்கிறது.

"தலைவலி, மயக்கம் ஏதாவது வந்துச்சா அண்ணி?"

"அப்பல்லாம் ரெண்டு பேருக்கும் தலவலிதான். மழக் குளிருன்னு தைலம் தேச்சுக்கிட்டோம். இப்ப ஒண்ணும் இல்ல."

என் வலை வருவதற்கு முன் அண்ணன் மழையில் நனைந்துகொண்டு ஷட்டரைத் திறந்து வைத்திருந்தார். அதை மூட வைத்தது நான் கொடுத்த நம்பிக்கை. இன்றைக்கு இந்தப் படலம் நன்றாக இருக்கிறது. எத்தனை நாள் இருக்கும் என்று எனக்கே தெரியாது. மெக்கானிக் ஒருவன் நல்ல மனசோடு ஒரு ஓரத்தில் பசை தடவினால் போதும். படலம் செத்தால் சத்தம் வராது, மணம் வராது, நிறமும் மாறாது. மீட்டர் என் பையில், நான் பத்துபஸ்தியில். வலை இருக்கிறவரை, நான் என்ன சொன்னாலும் இவர்கள் மழைக்கு ஷட்டரைச் சாத்துவார்கள்.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். இருட்டானது. சைலன்சர் ஆறும் வரை அந்த இருட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு உறையைக் கழற்றி, வலையை உருவி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

"என்னாச்சு? வேல செய்யலயா?" என்றார் அண்ணன்.

"செய்யலண்ணே. மீட்டர்ல பாத்தேன். போயிருச்சு."

"இதுவுமா? நான் ஒண்ணும் பூசல புள்ள. சத்தியமா."

"நீங்க ஒண்ணும் பண்ணல. என் வேலதான் சரியில்ல. இனிமே வலை கெடையாது. ஷட்டரை ஏத்தி வைங்க."

அவர் வாய் ஒரு சொல்லைத் தேடியது, கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அது திட்டாக இருந்திருக்காது, ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஷட்டரை மேலே தூக்கினார். சாரல் உள்ளே வந்தது. அண்ணி முனகிக்கொண்டே காகிதக் கட்டுகளைப் பின்சுவர்ப் பக்கம் நகர்த்தினார்.

ஜெனரேட்டரைத் திரும்ப ஓட்டிய கொஞ்ச நேரத்தில், குடையோடு ஒரு வங்காளி விவசாயி ஜெராக்ஸுக்கு வந்தார். புகை, சாரல் இரண்டையும் பார்த்து, "க்யா பாய், தும்ஹாரா வோ ஜாலி கஹா(ன்) கயா?" என்றார். அந்த வலை எங்கே போயிற்று என்று ஊருக்கே கேட்கத் தெரிந்திருக்கிறது.

அண்ணன் என்னைக் காட்டி, "மேரி பெஹன். டாக்டர் ஹை", என் தங்கச்சி, டாக்டர், என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சொல் தடைபடவே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "லேகின் ஜாலி பேக்கார் நிக்லா" என்றார். வலை உதவாமல் போய்விட்டதாம்.

விவசாயி பாவம் என்பது போல என்னைப் பார்த்து, "சச்?", நிஜமா, என்று கேட்டார்.

"ஹா(ன்), பேக்கார்" என்றேன்.